நீச்சல் தெரியும் சரி, எந்தத் தண்ணீரில்?

தரையில் நம் கண் அவ்வளவாக ஏமாறாது. கை ஊன்றாமல் ஏறக்கூடிய படி எது என்று 1984-இல் உளவியலாளர் வில்லியம் வாரன் நெட்டை ஆட்களிடமும் குட்டை ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தார். படியின் உயரம் அவரவர் கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கைத் தாண்டியதும் இரு தரப்புமே முடியாது என்றார்கள், உடம்பின் கணக்கும் ஏறக்குறைய அதேதான். சிக்கல் என்னவென்றால், இதே கண்ணை நம்பித்தான் ஆற்றிலும் இறங்குகிறோம்.

ஆழத்தைப் பார்வையால் அளக்காதீர்கள். ஒளிவிலகலால் தெளிந்த நீர் அதன் ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும், அதுவும் நேர் மேலிருந்து பார்த்தால். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். நாலடி என்று தோன்றுகிற இடம் ஐந்தேகால் அடிக்கு மேல் இருக்கும், நீச்சல் தெரியாத ஐந்தடி ஆள் முழுக அது போதும். மணல் அள்ளிய குழி இருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது.

இழுப்பைக் கரையோரம் கணுக்கால் நனைத்துப் பார்த்து முடிவு செய்வது அடுத்த தவறு. நடு ஆற்றில் வேகம் கூடுதல், வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்காகும். முழங்கால் வரை சாதுவாக இருந்த ஆறு தொடைக்கு வந்ததும் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவ ஆரம்பிக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு காலைத் தூக்கினால் போச்சு.

"நீச்சல் குளத்தில் இருபது சுற்று அடிப்பேன்" என்பவர்கள் வேறு. அங்கே 25 மீட்டருக்கு ஒரு சுவர் வருகிறது, பிடித்து மூச்சு வாங்கலாம், உதைத்துக் கிளம்பலாம். கடலில் எதை உதைப்பது?

கடலில் அலை உடையாத அமைதியான பட்டையைத் தேடி இறங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். பெரும்பாலும் கரைக்கு வந்த நீர் உள்ளே திரும்பும் வழி அது. அந்த நீரோட்டத்தின் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்திய பான் ஷான்லேவின் வேகமே சுமார் 2.15 மீட்டர்தான். மாட்டினால் கரையை நோக்கி முட்டி மோதாமல் மிதந்தபடி கையை ஆட்டி உதவி கேளுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள்.

அப்புறம், மூழ்குபவரை இழுத்து வந்துவிடலாம் என்று குதிப்பது. பயத்தில் இருப்பவர் உங்கள் தோள்மேல் ஏறி அமுக்குவார், நல்ல நீச்சல்காரரே திணறுவார். கரையிலேயே நின்று வேட்டியோ புடவையோ வீசுங்கள், இல்லாவிட்டால் மூடியை இறுக்கிய காலி தண்ணீர் கேன்.