குடும்பக் காருக்கு போன், மேப், பாட்டு: வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கடையில் நிற்கும்போது எல்லா கார் ஸ்டீரியோவும் நன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் ஓடவில்லை, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, பின்சீட்டில் யாருக்கும் சண்டை இல்லை. திரை பளபளவென்று மின்னும், விற்பவர் பாஸை (தாழ்ந்த, அதிரும் ஒலியை) கூட்டிக் காட்டுவார், நாமும் மயங்கிவிடுவோம். நான் முதலில் பார்ப்பது வேறு. ஓடுகிற காரில், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுகிறவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இதில் எவ்வளவு வேலையை முடிக்க முடியும்? திரையின் அளவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதிய காரோடு வரும் வசதிகளை ஒப்பிடுகிறவர்களுக்கும், பழைய காரில் புது ஸ்டீரியோ மாட்ட நினைக்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: வீட்டில் என்னென்ன போன் இருக்கிறது?

யார் யார் ஓட்டுவார்கள், அவர்களிடம் இருப்பது ஐபோனா ஆண்ட்ராய்டா, பின்சீட்டில் வழக்கமாக உட்காருவது யார், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஐபோன், இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு என்றிருக்கும் வீட்டில், ஒன்றோடு மட்டும் ஒத்துப்போகும் ஸ்டீரியோ வந்தால் மற்றவருக்கு அதில் பாதி வசதி கிடையாது. ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் உண்டா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இரண்டும் 2014இல் அறிவிக்கப்பட்டவை. போனில் உள்ள மேப், அழைப்பு, பாட்டு ஆகியவற்றைக் காரின் திரையில் பெரிய பட்டன்களாகக் காட்டுவதுதான் இவற்றின் வேலை.

புதியவர்கள் குழம்பும் இடமும் இதுதான். ‘ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ’ என்று விற்கப்படுவதும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஒன்றல்ல. முன்னது தனக்கென ஆப், நினைவகம், இணையம் எல்லாம் வைத்துக்கொண்டு தானே ஓடும் டேப்லெட். பின்னது உங்கள் போனைக் காரின் திரையில் கொண்டுவரும் வசதி. சில ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கும், சிலவற்றில் இருக்காது. மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் நினைவகம் குறைவாக இருந்தால் மேப், பாட்டு, ரிவர்ஸ் கேமரா மூன்றும் சேரும்போது திணறும். வாங்குவதென்றால் சாவியைத் திருப்பியதிலிருந்து மேப் வரும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று நின்று பாருங்கள்.

வயர்லெஸ்ஸா, கேபிளா? வயர்லெஸ் முறையில் ப்ளூடூத் இணைப்பைத் தொடங்கி வைக்கும், தரவை வைஃபை சுமக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பொதுவாக ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு இது சுகம். நீண்ட பயணத்தில் போன் சூடாகும், பேட்டரியும் இறங்கும். அப்போது கேபிளே மேல். ஆனால் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் தரவுக்கான கம்பியே இருக்காது. ‘ஸ்டீரியோவுக்கு என் போன் தெரியவே மாட்டேன்கிறது’ என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படி 2: அழைப்பை மைக்கிலிருந்து தொடங்குங்கள்

ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றதும் எல்லோரும் ஸ்பீக்கரைச் சோதிப்பார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் எப்படிக் கேட்கிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. அதைத் தீர்மானிப்பது மைக்.

பேசுகிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் மைக்கை எட்டும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். காற்று, டயர், ஏசி இரைச்சலோ அப்படியே இருக்கும். ஸ்டீரியோவின் முகப்பிலேயே பதித்த மைக் பெரும்பாலும் சுமாராக இருப்பதற்கு இதுதான் காரணம். வெளி மைக்கை இணைக்கத் துளை உள்ள மாடலைத் தேர்ந்தெடுத்து, அதை ஓட்டுநரின் சன்வைசர் அருகிலோ முன்கண்ணாடியின் ஓரத் தூணிலோ பொருத்தச் சொல்லுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம். புதிய கார் என்றால் மைக் மேற்கூரையில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ப்ளூடூத். பதிப்பு எண் 4 என்றும் 5 என்றும் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்துக் குரலின் தெளிவைக் கணிக்க முடியாது. அழைப்பைக் கையாளும் பகுதிக்கு எச்.எஃப்.பி. என்று பெயர். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குவார்கள். எச்.எஃப்.பி.யின் 1.6ஆம் பதிப்பில் அதை 16,000 ஆக்கும் அகலக் குரல் வசதி வந்தது. ஸ்டீரியோ, போன், நெட்வொர்க் மூன்றும் இதற்கு ஒத்துழைத்தால் ‘என்ன, என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது குறையும். விவரக் குறிப்பில் ‘வைடுபேண்ட் ஸ்பீச்’ அல்லது ‘எச்.டி. வாய்ஸ்’ என்று இருக்கிறதா எனத் தேடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கேபிளில் இணைத்தாலும் போன் அழைப்பு ப்ளூடூத் வழியாகத்தான் போகும், ஆகவே கேபிள் போடுகிறவர்களும் இதைத் தாண்டிப் போக முடியாது.

‘ஐந்து போன் இணையும்’ என்று சொன்னால் குறுக்குக் கேள்வி கேளுங்கள். ஐந்தும் நினைவில் இருக்குமா, இல்லை ஒரே நேரத்தில் இணைந்திருக்குமா? இரண்டு பேர் முன்சீட்டில் போகும் வீட்டுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு போன் இணைந்திருப்பதும் அவற்றில் எதற்கு முன்னுரிமை என்று நாமே வைப்பதும் மிகவும் உதவும். இல்லாவிட்டால் யார் போன் முதலில் ஒட்டிக்கொள்கிறதோ அவர் ராஜ்ஜியம்தான்.

இன்னொன்று, அழைப்பு ஸ்பீக்கரில் வரும். மருத்துவமனையிலிருந்து வரும் போனையும் கடன்காரரின் போனையும் பின்சீட்டுக் குழந்தைகள் வார்த்தை விடாமல் கேட்பார்கள். அழைப்பை முன் ஸ்பீக்கருக்கு மட்டும் ஒதுக்க முடிகிறதா, பக்கத்தில் இருப்பவர் ஒரே தட்டலில் அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று சோதித்து வையுங்கள்.

படி 3: எத்தனை தட்டல் என்று எண்ணுங்கள்

காருக்குள் பொருத்தும் மின்னணுச் சாதனங்களுக்காக அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு பார்வை 2 நொடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாக 12 நொடியைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். மணிக்கு 80 கிலோமீட்டரில் 2 நொடிக்குள் கார் 44 மீட்டர் போய்விடும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். நிறுத்திய காரில் உட்கார்ந்து மூன்று வேலைகள் செய்யுங்கள்: வீட்டுக்குப் போன் போடுவது, வழி காட்டுவதை நிறுத்துவது, சத்தத்தைக் குறைப்பது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தட்டல், எத்தனை முறை திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது?

சத்தத்துக்குத் திருகும் குமிழ் வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். குண்டும் குழியுமான சாலையில் திரையில் விரலை இழுத்துச் சத்தம் குறைக்கச் சொல்வது நியாயமே இல்லை. குமிழ் இல்லையென்றால் ஸ்டீயரிங்கிலாவது பட்டன் இருக்கட்டும்.

குரல் கட்டளையை உங்கள் பேச்சிலேயே, உங்கள் போனில் பதிந்துள்ள பெயர்களை வைத்தே சோதியுங்கள். ‘சித்தப்பா புது நம்பர்’, ‘சித்தப்பா பழசு’, ‘சித்தப்பா ஆபீஸ்’ என்று மூன்று இருந்தால் போனின் எந்தக் குரல் உதவியாளரும் திண்டாடும். அடிக்கடி அழைக்கும் நாலைந்து பேருக்குக் குறுகிய, ஒன்றோடொன்று குழம்பாத பெயர் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். போனைக் கையில் எடுக்காமல் பேசினாலும் கவனம் பேச்சில் போகத்தான் செய்யும். நீளமான பேச்சு, வாக்குவாதம் இரண்டையும் வண்டியை நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மேப்

இருப்பிடத்தை அறிய இணையம் தேவையில்லை, செயற்கைக்கோள் சமிக்ஞை போதும். வரைபடம், நெரிசல் தகவல் ஆகியவற்றுக்குத்தான் இணையம். போகும் பகுதியின் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும். நெரிசல் தகவல் மட்டும் கிடைக்காது.

காரிலேயே பதித்த மேப்பின் பலம் வேறு. ஆன்டெனா வெளியே, கூரையில் இருக்கும். பல கார்களில் சக்கரம் சுழலும் வேகத்தையும் கார் திரும்பும் கோணத்தையும் வைத்து, சுரங்கப்பாதைக்குள் சமிக்ஞை அறுந்தாலும் இடத்தைக் கணக்கிட்டுக்கொண்டே போகும். பலவீனம், வரைபடம் பழசாகிவிடும், புதுப்பிக்கத் தனியாகப் பணம் கேட்பவர்களும் உண்டு. போன் மேப் இருக்கும் காலத்தில் இதற்காக மட்டும் விலை உயர்ந்த மாடலுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்டீரியோவே மாற்றப் போவதில்லை, ஸ்டாண்டில் போனை மாட்டினால் போதும் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், ஏர்பேக் விரியும் வழியில் இல்லாமல், நேர் வெயில் படாமல் மாட்டுங்கள். சூடேறிய போன் தன் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எந்த முறையானாலும் வழி சொல்லும் குரலுக்குத் தனிச் சத்த அளவு வைக்க முடியுமா என்று பாருங்கள். பின்னால் குழந்தை தூங்கும்போது அதன் அருமை தெரியும்.

படி 5: பாட்டு, கூடவே வாட்ஸ் கணக்கு

‘50 வாட்ஸ் × 4’ என்று பெட்டியில் போட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு, தனி மின்னழுத்த ஏற்றி இல்லாத ஸ்டீரியோ சிதையாமல் தரக்கூடியது கணக்குப்படி ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்ஸுக்குள்தான், நடைமுறையில் 20க்கு அக்கம்பக்கம். பெட்டியில் இருப்பது கண நேர உச்ச அளவு. நீங்கள் ஒப்பிட வேண்டிய எண் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கப்பட்டிருப்பது, அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவு. ஸ்பீக்கர் வாங்கும்போதும் அதே எண்தான்.

பணம் குறைவாக இருந்தால் ஸ்டீரியோவில் குறைத்துக் கதவு ஸ்பீக்கரில் போடுங்கள். பல கார்களில் 6.5 அங்குல ஸ்பீக்கர் சேரும். விட்டத்தோடு ஆழத்தையும் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்கும். ‘ஹை-ரெஸ்’ (மிக நுணுக்கமான ஒலி) என்ற ஸ்டிக்கருக்காக அதிகம் கொடுக்காதீர்கள், டயர் இரைச்சல் அந்த நுணுக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய சப்வூஃபர் பெட்டி டிக்கியில் பாதியைப் பிடிக்கும். குடும்பக் காருக்குச் சீட்டுக்கு அடியில் போகும் சிறியது போதும்.

ஓட்டுநருக்கு மட்டும் ஒலியை மையப்படுத்தும் ‘டைம் அலைன்மென்ட்’ வசதி சுவாரசியமானது. ஒலி 1 மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். பக்கத்து ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதித்தால் பாடகர் நேர் எதிரே நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அது ஒரு சீட்டுக்கான ஏற்பாடு. மற்றவர்களும் இருக்கும்போது அணைத்துவிடுங்கள். வேகத்துக்கேற்பச் சத்தம் தானே கூடிக் குறையும் வசதியும், முன்-பின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரும் தினமும் பயன்படும்.

பின்சீட்டில் குழந்தைகள் ஹெட்போனில் கேட்பார்கள் என்றால், உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் தந்த தரநிலை சிறுவர்களுக்கு வைக்கும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். உச்ச அளவைப் பூட்டி வைக்கும் ஹெட்போனாகப் பாருங்கள்.

படி 6: பொருத்துதல்

டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் துளையின் நிலையான அளவுக்கு ‘டின்’ என்று பெயர். ஒற்றை டின் துளை 180 × 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180 × 100. திரையே ஏசியையும் கேமராவையும் ஆளும் புதிய கார்களில் இந்தத் துளை இருக்காது, அங்கே மாற்றாமல் விடுவது நல்லது. ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா இரண்டும் மாற்றிய பிறகும் வேலை செய்யுமா, அதற்கான அடாப்டர் விலையில் சேர்த்தியா என்று முன்கூட்டியே கேளுங்கள். கம்பியை வெட்டி ஒட்டாமல், உங்கள் காருக்கான ஹார்னஸ் பிளக் (காரின் கம்பிக் கட்டோடு நேராகச் சேரும் இணைப்பான்) வைத்துத்தான் இணைக்க வேண்டும். மஞ்சள் கம்பி பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சிவப்பு சாவியோடு வருவது. இரண்டும் இடம் மாறினால் ரேடியோ நிலையங்கள் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும்.

படி 7: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

எல்லாப் போன்களையும் நிறுத்திய காரிலேயே இணைத்து, தொடர்புப் பட்டியலைப் பகிர ஒப்புதல் கொடுத்து, முன்னுரிமை வையுங்கள். வேறொருவர் ஓட்ட, நீங்கள் வீட்டிலிருந்து அந்தக் காருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் காரில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அடுத்து மைக்கின் உணர்திறனை ஒரு படி இறக்குங்கள். தீரவில்லையென்றால் மைக் ஸ்பீக்கருக்கு மிக அருகில் இருக்கிறது, இடம் மாற்ற வேண்டும்.

காரை விற்கும்போதும், சர்வீஸுக்குப் பல நாள் விடும்போதும் போன் பட்டியலை அழித்துவிடுங்கள். ஸ்டீரியோ உங்கள் தொடர்பு எண்களையும் சமீபத்திய அழைப்புகளையும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கலாம். மேப்பில் ‘வீடு’ என்று பதிந்த முகவரியையும் சேர்த்தே நீக்குங்கள்.