லைசன்ஸ் எழுத்துப் பரீட்சை: திருகோணமலையில் முதன்முறை எழுதுவோருக்கு

முதல் வேலை மருத்துவச் சான்றிதழ். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் தரும் அந்தத் தாள் ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும்; எடுத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்ப் பதியும்போதே தமிழில் எழுதுவதாகச் சொல்லிவிடுங்கள். 40 கேள்விகளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும், அது போதும்.

இரண்டாவது, வீதிச் சமிக்ஞைகள். படங்களை ஒவ்வொன்றாக மனனம் செய்தால் பரீட்சை மண்டபத்தில் எல்லாம் குழம்பும். முதலில் நிறத்தையும் வடிவத்தையும் பிரியுங்கள். மஞ்சள் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டம் தடை. நீல வட்டம் கட்டாயம். இடப்பக்கம் திரும்பும் அம்புக்குறி மஞ்சளில் இருந்தால் முன்னால் வளைவு. நீலத்தில் இருந்தால் இடப்பக்கமே திரும்ப வேண்டும். சிவப்பு வட்டத்துள் குறுக்குக் கோட்டோடு இருந்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. பலர் புள்ளியை இழப்பது இங்கேதான். நிறுத்து, வழிவிடு இரண்டுக்கும் தனி வடிவம்: எண்கோணம், தலைகீழ் முக்கோணம். அழுக்குப் படிந்தாலும், பின்பக்கமாகப் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காக. (விலங்குக்கான எச்சரிக்கைப் பலகையை நம் ஊர்க்காரர் மறக்க மாட்டார்கள், கோட்டைப் பக்கம் மான்கள் பலகையைப் பார்த்து வீதியைக் கடப்பதில்லை.)

வேக எல்லையில் வாகனத்தின் பெயரைக் கவனியுங்கள். குடியிருப்புப் பகுதியில் கார், மோட்டார் சைக்கிள் 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கர வண்டிக்கு இரண்டு இடத்திலும் 40. கேள்வியை அவசரமாக வாசித்து ஆட்டோவுக்கு 50 போட்டுவிடுவார்கள். மதுவுக்கான எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்.

முன்னுரிமைக் கேள்விகளைத் தாளில் வரைந்து பாருங்கள். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே வழி. நாம் இடப்பக்கம் ஓடுவதால் வட்டத்துக்குள் ஏற்கனவே சுற்றுபவர் வலமிருந்துதான் வருவார். பெரிய பஸ்ஸுக்குப் பயந்து நிலாவெளி வீதியில் ஒதுங்குவது வேறு கதை. விடைத்தாளில் பஸ்ஸுக்கென்று தனிச்சலுகை இல்லை.

கடைசியாக, மாதிரி வினாத்தாள்களை மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்று கேட்டால் அந்தச் சொல்லின் கீழ் கோடிடுங்கள். பிழைத்த கேள்விக்குப் பக்கத்தில் சமிக்ஞையா, வேகமா, முன்னுரிமையா என்று குறித்து, அதிகம் பிழைத்த பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள்.