அம்மைத் தழும்பு விழுந்த படகு: பெயிண்ட் அடிப்பதில் நடக்கும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம் வரை விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் நேரம் இதுதான். பெயிண்டரும் மெக்கானிக்கும் ஒரே படகில் முட்டிக்கொள்வார்கள். அந்த அவசரத்தில் அடித்த பூச்சு கொப்பளித்தாலோ, குழி விழுந்தாலோ பழி முதலில் பெயிண்ட் டப்பா மேல்தான் விழும். எனக்கென்னவோ, பாதிக்கு மேல் தவறு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் எதிரி உப்பு. படகைக் கழுவித்தான் அடித்தோம் என்பார்கள். எந்தத் தண்ணீரில்? கரையோர ஊர்களில் போர் தண்ணீரே பல இடங்களில் உவர்ப்பு. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அது வேண்டாம். பூச்சுக்கு அடியில் தங்கும் உப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும், நாளடைவில் கொப்புளம் கிளம்பும்.

அடுத்தது எண்ணெய். இன்ஜின் பக்கத்து டீசல், மரப்படகில் காலங்காலமாகப் பூசிய மீன் எண்ணெய், புது ஃபைபர் படகில் அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகு, எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும். பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும். கண்டுபிடிக்க ஒரு குவளை நல்ல தண்ணீர் போதும். ஊற்றினால் ஒரே படலமாகப் பரவ வேண்டும். தாமரை இலையில் போல உருண்டு ஓடினால் எண்ணெய் இருக்கிறது. அதற்குரிய தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் எடுங்கள். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறும், போகாது. இதற்குப் பிறகுதான் உப்புத்தாள் (சாண்ட் பேப்பர்) போட்டுத் தேய்ப்பது. முதலில் தேய்த்தால் கீறல்களுக்குள் எண்ணெய் இறங்கிவிடும்.

நேரம் பார்க்காமல் அடிப்பதும் பெரிய தவறு. விடிகாலையில் படகில் பனி ஈரம் இருக்கும். உச்சி வெயிலில் தகடு சுட, மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து ஊசித் துளைகள் விழும். சாயங்காலம் அடித்தால் இரவு ஈரம் படிந்து பளபளப்பு மங்கிப் பால் நிறமாகும். ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் நிழல் விழும் மேற்குப் பக்கத்தில் தொடங்குங்கள். பிற்பகலில் கிழக்குப் பக்கம் நிழல்தான், ஆனால் கடற்காற்று மணலோடு வரும்; தார்ப்பாய் கட்டாமல் அடிக்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

பூச்சு சுருங்கி, வெந்த பால் ஆடை மாதிரி மடிந்தால், பழைய எனாமல் மேல், இறுகுவதற்காக ஹார்ட்னர் கலக்கும் பெயிண்டை ஏற்றியிருப்பீர்கள். முன்கூட்டியே தெரிய, அந்தப் பெயிண்டின் தின்னரைத் துணியில் நனைத்து ஓரிடத்தில் தேயுங்கள். பழைய பூச்சு இளகினால் முழுதும் சுரண்டியாக வேண்டும். ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றுவது இன்னொரு வினை. வாரக்கணக்கில் பிசுபிசுப்பு போகாது.

பெயிண்ட் வழிந்து வடிசல் விழுந்தால் பாதி காய்ந்த நிலையில் பிரஷ் போடாதீர்கள். நன்றாக இறுகட்டும், பிறகு 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மெல்லிதாக ஒரு கோட் போதும். எண்ணெய்க் குழிகள் அப்படி மூடாது. மேலே எத்தனை கோட் ஏற்றினாலும் அதே இடத்தில் திரும்ப எட்டிப் பார்க்கும்.