சேலத்துக்காரர் தம் ஊரின் வரலாற்றையும் வழக்காறுகளையும் தொகுக்கத் தொடங்குவது எப்படி?

ஊர் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் "சேலம் மாவட்ட வரலாறு" என்று பெரிதாகத் தலைப்பிட்டு, அதியமானில் தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு கோயில், ஒரு பண்டிகை, ஒரு மலைக்கிராமம் என்று ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரையும் கேட்டு முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது என்பதுதான் இங்கே விளக்கப்படும் முறை. ஒரு நோட்டும் கைப்பேசியும் இதற்குப் போதும்.

முதலில் எல்லையை வரையுங்கள்

சேலம் நகரில் 'குகை' என்று பெயர்பெற்ற பகுதியில் வசிப்பவர் ஆடிப் பண்டிகையின் வண்டி வேடிக்கையை எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய்ப்பேட்டைக்காரர் கொலுசு செய்யும் வெள்ளிப் பட்டறைகளையும், ஏற்காட்டில் இருப்பவர் சேர்வராயன் கோயிலையும் எடுத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும், ஏனெனில் ஒரே இடத்துக்குப் பலமுறை போக வேண்டியிருக்கும். எதுவுமே தோன்றவில்லை என்றால் ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் கோட்டை மாரியம்மனே தலைமை என்று நகரத்தில் சொல்வது வழக்கம். அந்த எட்டும் எவை என்று வெவ்வேறு பேட்டைகளைச் சேர்ந்த பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, பட்டியல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

"இந்தக் கோயிலின் வரலாறு என்ன?" என்று கேட்டால், தல புராணத்தையோ சுவரில் எழுதியிருப்பதையோதான் திரும்பச் சொல்வார்கள். "ஆயா, உங்க சின்ன வயசுல மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டுன அன்னிக்கு வீட்ல என்னென்ன செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், எதைச் சமைக்கக் கூடாது, யார் வெளியூர் போகக் கூடாது, கூழ் ஊற்றும் பானை யார் வீட்டிலிருந்து வரும் என்று பேச்சு தானாகவே விரியும். வண்டி வேடிக்கை என்றால், ஆண்கள் கடவுள் வேடமிட்டு அலங்கரித்த வண்டிகளில் வருவதை விவரிப்பது மட்டும் போதாது. வேடம் போடுகிறவர் வேண்டுதலுக்காகப் போடுகிறாரா, செலவை யார் ஏற்கிறார்கள், மாட்டுவண்டிக் காலத்தில் வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள் என்பவை அச்சில் எளிதில் கிடைக்காத செய்திகள்.

ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நாள், இடம், சொன்னவரின் வயது, அதை அவர் யாரிடமிருந்து கேட்டார் என்ற நான்கையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதன்மையானது. பாட்டியிடம் கேட்ட கதையும் தொலைக்காட்சியில் பார்த்த கதையும் ஒரே வாயிலிருந்து ஒரே குரலில் வரும்.

மாறுபடும் கதைகளை ஒன்றாக்காதீர்கள்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களில் மூத்தவர் சேர்வராயனிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பார்கள். அவர்கள் ஏன் காஞ்சியை விட்டு வந்தார்கள், யாரை மணந்தார்கள் என்பன சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். தொடக்கநிலையாளர் இந்த வடிவங்களைக் கலந்து "சரியான" கதை ஒன்றைத் தயாரிக்க முனைவார். அப்படிச் செய்தால் எவரும் எங்கும் சொல்லாத கதை ஒன்று பிறந்துவிடும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தாளில், சொன்னவரின் விவரத்தோடு வைத்திருங்கள். மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்க, அக்குகை வழியே காவிரிக்குப் போகலாம் என்று நம்பப்படுவதையும் அவ்வாறே பதிவு செய்தால் போதும். குகையை அளந்து பொய் என்று நிறுவுவது நம் வேலையன்று. மே மாதத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படம் எடுப்பது முறை.

கல்லைப் பார்ப்பது

இந்த மலைகளில் உழும்போது வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு முனை கூர்மையாக, மறுமுனை குறுகி இருக்கும் அவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டிருக்கிறார்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே குடியிருந்து இத்தகைய கற்களைத் தேடினார். உங்கள் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிய கல் தன் செய்தியில் பாதியை இழந்துவிடும்.

நடுகல்லையும் கல்வெட்டையும் நண்பகலில் பார்ப்பது வீண். காலையிலோ மாலையிலோ சாய்வாக வெயில் விழும்போது, தேய்ந்த எழுத்துகளின் ஓரத்தில் நிழல் கட்டி, மதியத்தில் வெறும் பாறையாகத் தெரிந்தது வரிவரியாகத் தெரியும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. பழகிக்கொள்ள, இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலிகள் திருப்பணி செய்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் நல்ல இடம். யாளியின் வாய்க்குள் உருளும் கல்லைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வாருங்கள்.

ஆவணங்களோடு ஒப்பிடுவது

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது; அதன்பின் ஆட்சியாளர்கள் எழுதிய குறிப்புகள் ஏராளம். 1918-இல் அச்சான மாவட்ட கெசட்டியர் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு) போன்றவற்றை நூலகங்களில் பார்க்கலாம். அவற்றைப் படிக்கும்போது "சேலம் மாவட்டம்" என்பது இன்றைய எல்லையைக் குறிப்பதன்று என்பதை மறக்க வேண்டாம். தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் பிரிந்தன. ஆகவே பழைய நூலில் வரும் ஊர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கக்கூடும். மேலும், அந்த அதிகாரிகளும் எவரிடமோ கேட்டுத்தான் எழுதினார்கள். அச்சில் இருக்கிறது என்பதற்காக ஆயா சொன்னதை அடித்துவிடாமல், கெசட்டியரையும் இன்னொரு தகவலாளியாகக் கருதி, அதற்கும் ஒரு தனித்தாள் ஒதுக்குங்கள்.

எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது

முதல் வரைவு முடிந்ததும், தகவல் தந்தவர்களிடம் சென்று அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பெயர்களும் தவறான முறைகளும் அப்போதுதான் வெளிவரும். வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கருதும் சடங்குச் செய்திகளை நீக்கிவிடுங்கள். மற்றத் திருத்தங்களுக்குப் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே திருத்தியவர் பெயரையும் நாளையும் குறித்து, பிரதி ஒன்றை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.