பிடித்து அடக்கும்போது மூச்சைக் கவனியுங்கள்

களியக்காவிளை, புளியரை போன்ற கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் பணிபுரியும் காவலர், 'மூச்சு முட்டுது' என்பதையும் மலையாளத்தில் அதே பொருள்படும் 'ஸ்வாசம் கிட்டுந்நில்ல' என்பதையும் ஒரே அவசரத்தோடு கேட்கப் பழக வேண்டும். 'பேசுகிறானே, மூச்சு இருக்கத்தானே செய்கிறது' என்று எண்ணுவதுதான் மிக ஆபத்தான தவறு. நுரையீரலுக்குப் போதிய காற்று செல்லாத நிலையிலும் ஒருவரால் சில சொற்களைப் பேச முடியும்.

பிடிபட்டவரைக் குப்புறக் கிடத்தி, கைகளை முதுகுக்குப் பின் விலங்கிட்டு, மேலே முழங்காலை ஊன்றினால் நெஞ்சு விரிய இடமிருக்காது; அப்போது அவர் திமிறுவது எதிர்ப்பாக இல்லாமல், காற்றுக்கான தவிப்பாகவும் இருக்கலாம். ஆகவே விலங்கு பூட்டியவுடன் முதுகிலிருந்து எடையை நீக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், அல்லது உட்காரவையுங்கள். ஒரு காவலர் அவருடைய முகத்தையும் மூச்சையும் மட்டுமே கவனிக்கட்டும்.

குரல் தேய்தல், உதட்டின் உட்புறமோ நகக்கண்ணோ நீலம் பாய்தல், எல்லாவற்றுக்கும் மேலாகத் திமிறியவர் திடீரென அடங்கிப்போதல் ஆகியவை பணிந்துவிட்டதன் அடையாளங்கள் அல்ல; ஆபத்தின் அறிகுறிகள். குழறிய பேச்சைக் குடிபோதை என்று தள்ளிவிடாதீர்கள்; சர்க்கரை தாழ்ந்தாலும், வலிப்பு வந்து ஓய்ந்த பின்னும் அப்படித்தான் இருக்கும்.

இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில், விலங்கைக் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள். தப்பிப்பதைத் தடுக்கத் தேவையானதைவிட அதிகமாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ஆம் பிரிவு கூறுகிறது.