பீ'ஸ் ஆண்டுவிழா ஸ்டேடியம் டூர்: டிக்கெட் எடுக்கிறதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும்

பீ'ஸ் (B'z) தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: ஜப்பான் ராக் குரூப், தகாஹிரோ மட்சுமோட்டோ கிட்டார், கோஷி இனாபா பாட்டு, ரெண்டே பேர், 1988 செப்டம்பர் 21ல முதல் ரிலீஸ். கான்சர்ட்டுக்கு அவங்க வச்சிருக்க பேரு லைவ்-ஜிம், அதுலயே அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற ஆண்டுவிழா டூருக்கு பிளெஷர்னு பேரு. 2008, 2013, 2018, 2023னு கரெக்டா வந்துருக்கு. சாதாரண டூர்ல புது ஆல்பம் பாட்டு நிறைய வரும், பிளெஷர்ல ஹிட் பாட்டா போட்டு தாக்குவாங்க, அதனால வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தான் போக முடியும்னா இதுக்குத்தான் போகணும். இதே கணக்குல பார்த்தா அடுத்தது 2028, 40வது வருஷம். அந்த வருஷம் மட்சுமோட்டோவுக்கு 67, இனாபாவுக்கு 64 ஆகும், அதனால "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடாதீங்க.

மொத்த வேலையில முக்கால்வாசி டிக்கெட்தான், மத்ததெல்லாம் சும்மா. நம்ம ஊர்ல மாதிரி பத்து மணிக்கு சைட் ஓப்பன் ஆகும், அடிச்சு பிடிச்சு புக் பண்ணலாம்னு நினைக்காதீங்க, ஜப்பான்ல பெரிய கான்சர்ட்னா குலுக்கல் தான். முதல்ல ஃபேன் கிளப் மெம்பருக்கு குலுக்கல், அப்புறம் டிக்கெட் கம்பெனிங்க வழியா ஒண்ணு ரெண்டு ரவுண்டு குலுக்கல், கடைசியா மிச்சம் மீதி இருந்தா பொது விற்பனை, அதுல பெருசா ஒண்ணும் இருக்காது. பீ'ஸோட ஃபேன் கிளப் பேரு பீ'ஸ் பார்ட்டி. எந்த குரூப்பா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி விதிமுறைய நல்லா படிங்க, நிறைய ஃபேன் கிளப்ல ஜப்பான் அட்ரஸ் கேப்பாங்க, டூர் அறிவிப்பு வந்தப்புறம் சேர்ந்தா அந்த குலுக்கல்ல சேர்த்துக்க மாட்டேன்னு சொல்ற கிளப்பும் உண்டு.

அடுத்த சிக்கல் போன் நம்பர். நிறைய டிக்கெட் சைட்ல அக்கவுண்ட் திறக்கவே ஜப்பான் நம்பருக்கு எஸ்எம்எஸ் வரணும், ஏர்போர்ட்ல விக்கிற டூரிஸ்ட் சிம் பாதிக்கு மேல டேட்டா மட்டும் தான், அதுல நம்பரே கிடையாது, அதனால 070, 080, 090ல ஆரம்பிக்கிற வாய்ஸ் நம்பர் வேணும், இல்லன்னா அங்கயே இருக்கிற நம்பிக்கையான ஃப்ரெண்டு அவங்க பேர்ல ரெண்டு டிக்கெட் போட்டு உங்கள கூட வர்றவரா பதிவு பண்ணணும். ரெண்டாவது வழி தான் ஈஸி, ஆனா உங்க பேரு பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடச் சொல்லுங்க. இனிஷியல விரிச்சு அப்பா பேர முன்னாடி போட்ட பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க இத ரெண்டு தடவை செக் பண்ணுங்க, கேட்ல அடையாள அட்டை பாத்தா அங்க இருக்கிற ஸ்டாஃபுக்கு இனிஷியல் கதையெல்லாம் புரிய வைக்க முடியாது.

குலுக்கல்ல விழுந்துச்சுன்னா அதோட முடியல. வெளிநாட்டு கார்ட நிறைய சைட் ஏத்துக்காது, அப்போ கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல காசா கட்டலாம், ஒரு நம்பர் தருவாங்க, லாசன், ஃபேமிலிமார்ட் மாதிரி கடையில போய் கட்டணும், அதுக்கு கெடு சில நாள் தான், தாண்டிருச்சுன்னா டிக்கெட் போச்சு. டிக்கெட் விலைக்கு மேல சிஸ்டம் கட்டணம், வழங்கும் கட்டணம்னு தனித்தனியா கொஞ்சம் கொஞ்சம் ஏறும், அது எல்லாருக்கும் தான்.

ரீசேல் சைட்ல மூணு மடங்கு விலைக்கு கிடைக்குதேன்னு ஆசைப்படாதீங்க. 2019 ஜூன் 14ல இருந்து அங்க சட்டமே இருக்கு, பேர் போட்ட டிக்கெட்ட அதிக விலைக்கு விக்கிறத தொழிலா பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல பத்து லட்சம் யென் வரைக்கும் ஃபைன், சில சமயம் ரெண்டும். வாங்கினவர கேட்லயே திருப்பி அனுப்பிருவாங்க, ஃப்ளைட் காசும் சேர்ந்து போகும். குலுக்கல்ல விழலன்னா அதிகாரப்பூர்வ ரீசேல் வருதான்னு பாருங்க, அதுல டிக்கெட் விலைக்கே கிடைக்கும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, மேடை கட்டி முடிச்சப்புறம் கேமரா, ஸ்பீக்கருக்குன்னு ஒதுக்கி வச்ச இடத்துல கொஞ்சம் சீட் மிச்சமாகும், அத கான்சர்ட்டுக்கு சில நாள் முன்னாடி விப்பாங்க, சைடுல இருந்து கொஞ்சம் மறைக்கும், ஆனா மேடைக்கு பக்கமா இருக்கும், நான்லாம் அத தான் எடுப்பேன்.

ரூம் விஷயத்துல ஒரே ரூல், குலுக்கல் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணா காசு பிடிக்காத ரூம் போட்டுருங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு அந்த ஏரியா ஹோட்டல் எல்லாம் ஃபுல் ஆகிடும்.

எந்த ஸ்டேடியம்னு டூருக்கு டூர் மாறும். 2008லயும் 2013லயும் யோகோஹாமா நிசான் ஸ்டேடியத்துல தான் முடிச்சாங்க, 2018ல டோக்கியோ அஜினோமோட்டோ ஸ்டேடியம். நிசான் ஸ்டேடியம் 72,000 பேர் பிடிக்கும், 2002 உலகக் கோப்பை ஃபுட்பால் ஃபைனல் நடந்த இடம். எல்லாரும் ஷின்-யோகோஹாமா ஸ்டேஷன்ல இறங்குவாங்க, ஆனா யோகோஹாமா லைன்ல அதுக்கு அடுத்த ஸ்டேஷன் கொசுகுவே, அங்க இருந்து நடை பாதி தான். அஜினோமோட்டோன்னா கெயோ லைன்ல தோபிதாக்யூ, இறங்கினா அஞ்சு நிமிஷம். எங்க போனாலும் காலையிலயே ரிட்டர்னுக்கும் சேர்த்து சுயிக்கா கார்டுல (ட்ரெயினுக்கான ப்ரீபெய்டு கார்டு) காசு போட்டு வச்சிருங்க, ராத்திரி காசு போடுற மெஷின் முன்னாடி நிக்கிற க்யூவ பாத்தா அழுகை வரும்.

இது வெயில் காலத்துல ஓடி செப்டம்பர் வரைக்கும் போற டூர். சென்னை வெயில் பாத்தவனுக்கு என்னடான்னு கெத்தா போகாதீங்க, அங்க புழுக்கமும் கம்மி இல்ல, டூர் டீஷர்ட் வாங்க மதியத்துல இருந்து வெயில்ல நிக்கணும். உப்பு மிட்டாய், தண்ணி, தொப்பி, கழுத்துல ஒரு டவல். மழை வந்தா சீட்ல குடை விரிக்க விடமாட்டாங்க, பின்னாடி இருக்கவனுக்கு மறைக்கும்ல, அதனால ரெயின்கோட் தான், பைய சுத்தி கட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் எடுத்துக்கங்க. செப்டம்பர்னா புயல் சீசன், ட்ரெயின நிறுத்துறதுக்கு முந்தின நாளே அறிவிச்சிருவாங்க, காலையில எழுந்ததும் அத பாருங்க. பவர் பேங்க் மறக்கவே கூடாது, டிக்கெட் போன்ல தான் இருக்கு, சார்ஜ் போச்சுன்னா டிக்கெட்டும் போச்சு.

அரீனா சீட் கிடைச்சா குதிக்கிறாங்க எல்லாரும். அது மைதானத்துலயே போட்ட சீட், சமதளம், முன்னாடி உயரமான ஆளு நின்னா ரெண்டரை மணி நேரம் அவர் முதுகு தான் தரிசனம். என்னக் கேட்டா கீழ் மாடி ஸ்டாண்ட்ல சைடு சீட் பெஸ்ட், மேல் மாடின்னா பைனாகுலர் வேணும். ஃபோட்டோ வீடியோ கிடையாதுன்னு சொன்னா கிடையாது தான், போன உள்ள வைங்க.

"பீ'ஸ் லைவ்-ஜிம்முக்கு வாங்க"ன்னு இனாபா கத்துறப்போ ஸ்டேடியமே அதிரும். 2001ல வந்த அல்ட்ரா சோல் பாட்டுல "ஹேய்"னு எல்லாரும் ஒண்ணா குதிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் வீட்லயே பழகிட்டு போங்க, ஒரு செகண்ட் லேட்டா குதிச்சா தனியா தெரியும். கடைசில "செ-நோ"ன்னு (நம்ம "ஒண்ணு, ரெண்டு, மூணு" மாதிரி) இனாபா எடுத்துக் கொடுப்பாரு, மொத்தக் கூட்டமும் "ஒட்ஸுகரே"ன்னு (உழைப்புக்கு நன்றி சொல்ற வார்த்தை) கத்தணும், அது வரைக்கும் எழுந்து ஓடாதீங்க.

எழுந்தாலும் உடனே வெளிய விடமாட்டாங்க, பிளாக் நம்பர் சொல்லி சொல்லி தான் அனுப்புவாங்க, மேல் மாடின்னா முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகும். அந்த நேரத்துல உங்க குப்பைய உங்க பையில கட்டிக்கங்க, கடைசி ட்ரெயின் டைம் பாத்து வச்சுக்கங்க, கூட்டம் ரொம்ப இருந்தா பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்துருங்க.