மூன்று புள்ளி வைப்பதற்கு முன்: மல்டிபிள் டிஸ்பாட்ச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பெயரில் உள்ள பல மெத்தடுகளில் எது ஓடும் என்பதைக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட்கள் (உள்ளே அனுப்பும் மதிப்புகள்) எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்வதுதான் மல்டிபிள் டிஸ்பாட்ச். அது உள்ள நிரல் மொழிகளுக்குப் புதிதாக வருபவர்களின் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அதே பழைய தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. மூன்று புள்ளியை (பட்டியலை விரித்துத் தனித்தனி ஆர்க்யுமென்ட்களாகக் கொடுக்கும் `...` குறியை) மறப்பது, ஆர்க்யுமென்ட் வரிசையை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை உடனே எர்ரராக வந்து நிற்கும், திருத்திக்கொள்வீர்கள். எர்ரரே வராமல் வேறொரு மெத்தடுக்குள் கொண்டுபோய் விடுகிற தவறுகள்தான் ஆபத்தானவை.

நீளம் தெரியாத பட்டியலை விரித்துக் கொடுப்பது

ஜூலியா மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குப் பல மெத்தடுகள் இருக்கலாம். எது ஓடும் என்பதை எல்லா ஆர்க்யுமென்ட்களின் டைப்பும் எண்ணிக்கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. `சுருக்கு(பட்டியல்...)` என்று எழுதினால் முதலில் பட்டியல் பிரிந்து தனித்தனி ஆர்க்யுமென்ட்கள் ஆகிவிடும். டிஸ்பாட்ச் அதற்கு அப்புறம்தான். அங்கே ஒரு பட்டியல் இருந்ததே அதற்குத் தெரியாது. ஆக, எந்த மெத்தட் ஓட வேண்டும் என்பதை அன்றைக்கு வந்த டேட்டாவின் நீளம் தீர்மானிக்கிறது.

ஒரு குழுவின் நிரலில் `சுருக்கு` என்ற பெயரில் இரண்டு மெத்தடுகள் இருந்தன. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே டேபிள் வந்தால் ஒன்று சராசரி தரும். பல டேபிள் வந்தால் இன்னொன்று எல்லாவற்றையும் கூட்டி மொத்தம் தரும். டெஸ்ட்களில் எப்போதும் இரண்டு மூன்று ஃபைல்கள். ஒரு மாதம் ஒரே ஒரு ஃபைல்தான் வந்தது. மொத்தம் இருக்க வேண்டிய இடத்தில் சராசரி போய் உட்கார்ந்தது. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, அறிக்கை வெளியே போய்விட்டது. அப்புறம் ஆளாளுக்கு டேட்டாவில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கோளாறு மூன்று புள்ளியில் இருந்தது. இதை இன்றைக்கும் புதிய நிரல்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

இதன் சாயலைப் பைத்தானில் நீங்களே பார்க்கலாம். அதில் மல்டிபிள் டிஸ்பாட்ச் இல்லை. ஆனால் `மேக்ஸ்` ஃபங்ஷன் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கையைப் பார்த்து நடந்துகொள்ளும். பெயர்கள் உள்ள பட்டியலை நட்சத்திரம் போட்டு விரித்துக் கொடுத்தால் வரிசையில் கடைசியாக வரும் பெயர் கிடைக்கும். பட்டியலில் "கமலம்" என்ற ஒரே பெயர் இருந்தால்? அந்த ஒற்றை ஆர்க்யுமென்ட்டையே தொகுப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் குறிகளில் யூனிகோட் எண் பெரியதைத் தரும். கிடைப்பது வெறும் புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் அந்தப் புள்ளி மட்டும். அதே இடத்தில் ஓர் எண் இருந்திருந்தால் டைப் எர்ரராவது வந்திருக்கும்.

செய்ய வேண்டியது: தொகுப்பைத் தொகுப்பாகவே வாங்கும் மெத்தடில் உண்மையான வேலையை வையுங்கள். தனித்தனியாகக் கொடுக்கும் வசதியும் வேண்டும் என்றால் `சுருக்கு(முதல், மீதி...)` என்று எழுதி, அது எல்லாவற்றையும் சேர்த்து அந்த மெத்தடுக்கே அனுப்பட்டும். குறைந்தது ஒன்றாவது வர வேண்டும் என்பதை அந்த `முதல்` உறுதி செய்கிறது. அது இல்லாமல் `எண்கள்...` என்று ஒரு மெத்தட், `சொற்கள்...` என்று இன்னொரு மெத்தட் வைத்தால், காலிப் பட்டியல் இரண்டுக்குமே பொருந்தும். எதை எடுப்பது என்று தெரியாமல் ஜூலியா நின்றுவிடும்.

எர்ரரை அடக்க மூன்று புள்ளி

மேலே சொன்ன தவறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஜூலியாவில் இன்ட் (முழு எண்) வெக்டர், ரியல் (மெய்யெண்) வெக்டரின் துணை டைப் அல்ல. இன்ட் ரியலின் துணை டைப்பாக இருந்தாலும் சரி. ரியல் வெக்டர் கேட்கும் மெத்தடுக்கு இன்ட் வெக்டரைக் கொடுத்து, பொருந்தும் மெத்தட் இல்லை என்ற மெத்தட் எர்ரர் வந்ததும் விரித்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள், எர்ரர் போய்விடுகிறது. திருத்த வேண்டியது அழைப்பை அல்ல, மெத்தடை. ரியலின் எந்தத் துணை டைப் வெக்டரும் வரலாம் என்று அதன் டைப்பைத் தளர்த்துங்கள்.

ஆயிரக்கணக்கில் விரிப்பது

வேண்டாம். தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே மதிப்பாக்கும் `ரெட்யூஸ்` இருக்கிறது. மல்டிபிள் டிஸ்பாட்ச் உள்ள இன்னொரு மொழியான காமன் லிஸ்ப்பின் தரமே ஓர் அழைப்பின் ஆர்க்யுமென்ட் வரம்பு 50-க்குக் குறையக்கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது.

பெர்ல் பழக்கத்தோடு ராக்குவுக்கு வருவது

பெர்ல் 5-இல் இரண்டு அரேக்களைக் கொடுத்தால் ஒன்றாகக் கலந்து ஒரே பட்டியலாக உள்ளே போகும். 2019 வரை பெர்ல் 6 என்று அழைக்கப்பட்ட ராக்குவில் அப்படி இல்லை. அரே அரேயாகவே போகும். பாராமீட்டரில் ஒரு நட்சத்திரம் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் பிரிந்து வரும், இரண்டு வைத்தால் அமைப்பு அப்படியே இருக்கும். கூட்டல் குறி வைத்தால் ஒற்றை ஆர்க்யுமென்ட் விதி: ஒரே ஒரு தொகுப்பு வந்தால் அது பிரியும், பல வந்தால் பிரியாது. அதே விதியால்தான் `[[1, 2, 3]]` என்பதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. உள் அரே ஒரே உறுப்பாக நிற்க வேண்டுமானால் `[[1, 2, 3],]` என்று கடைசியில் ஒரு காற்புள்ளி வேண்டும்.

ரெஸ்ட் பாராமீட்டரை வைத்து மெத்தட் பிரிப்பது

மீதி ஆர்க்யுமென்ட்களை எல்லாம் ஒன்றாக வாங்கிக்கொள்வது ரெஸ்ட் பாராமீட்டர். அதை வைத்துப் பிரிப்பது காமன் லிஸ்ப்பில் நடக்காது. கட்டாயப் பாராமீட்டர்கள் மட்டுமே டிஸ்பாட்ச்சில் கலந்துகொள்ளும்.

ஜாவா ஓவர்லோடிங்கை இதே கணக்கில் சேர்ப்பது

ஓவர்லோடிங்கிலும் ஒரே பெயரில் பல மெத்தடுகள் இருக்கும், ஆனால் அவற்றில் எது என்பது நிரல் ஓடுவதற்கு முன், கம்பைல் நேரத்திலேயே முடிவாகிவிடும்.